சனிக்கிழமை இரும்பு

பழுது பார்க்கிற வேலையில் பொருள் பேசாது, கொண்டு வந்தவர்தான் பேசுவார். வீட்டில் ஓடாத மிக்சியைப் பரணில் ஏற்றி வைத்துவிட்டு, கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இது தெரியாததா?

நானும் நண்பர் செல்வமும் மாதம் ஒரு நாள் கோவில்பத்து சமுதாயக் கூடத்தில் உட்காருவோம். உடைந்ததைத் தூக்கிப் போடாமல் கொண்டு வாருங்கள், சேர்ந்து சரி செய்வோம் என்பதுதான் எங்கள் முகாமின் ஏற்பாடு. கூடத்தின் காவலர் கலியமூர்த்தி அண்ணன் ஒரு முறை சாவி கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: சாயங்காலம் நிச்சயதார்த்தம் இருக்கிறது, ஐந்து மணிக்கு ஒரு திருகாணி தரையில் கிடந்தாலும் இனிமேல் சாவி கிடையாது.

சரியாகிவிடக் கூடாத மிக்சி

அன்று முதலில் வந்தவர் பக்கத்துத் தெரு சுமதி அக்கா. மிக்சியை மேசையில் வைத்துவிட்டு, வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்த கணவரை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். “திறந்து பாருங்க. ஆனா தேறாதுன்னு சொல்லிடுங்க. அப்பதான் அவரு புதுசு வாங்குவாரு” என்றார் ரகசியமாக.

செல்வத்துக்குக் காது கொஞ்சம் மந்தம். மிக்சியைக் கவிழ்த்து, அடியில் இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கி, நிமிர்த்தி வைத்துச் சுவிட்சைப் போட்டார். அது கூடமே அதிர ஓடியது. கணவர் முகம் மலர்ந்தது. அக்கா சற்று யோசித்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “மேலதான் பிளாஸ்டிக்கு, உள்ள மோட்டாரு இரும்புதானே? சனிக்கிழமை அதுவுமா இரும்பை வீட்டுக்குள்ள கொண்டு போகச் சொல்றீங்களா?”

பழசும் புதுசும்

அவ்வளவுதான், கூடத்தில் எல்லோருக்கும் கிழமை ஞாபகம் வந்துவிட்டது. திருநள்ளாறு கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில் முகாமைச் சனிக்கிழமையில் வைத்தது எங்கள் புத்தி. தையல் மெஷின், இஸ்திரிப்பெட்டி, மண்ணெண்ணெய் ஸ்டவ் என்று சரியானவையெல்லாம் சுவரோரம் வரிசையாக நின்றன. உரியவர்கள் “நாளைக்கு வர்றோம்” என்று கை வீசிக்கொண்டு கிளம்பினார்கள்.

சுரக்குடியிலிருந்து டேபிள் ஃபேன் கொண்டு வந்த விவசாயி ஒருவரை வழிமறித்தேன். “கடையிலேர்ந்தா வாங்கிட்டுப் போறீங்க? உங்க ஃபேன், உங்க வீட்டுக்குப் போவுது. அதுல என்னங்க தப்பு?” என்றேன். அவர் ஃபேனைச் சுற்றி வந்து பார்த்தார். நான் துடைத்து எண்ணெய் போட்டிருந்ததில் அது பளபளத்தது. வருத்தத்தோடு தலையாட்டினார். “கொண்டு வரப்ப பழசுங்க. நீங்கதான் புதுசாக்கிட்டீங்களே!”

ஒரே ஒருவர்

கோட்டுச்சேரிமேட்டு மீன்கார அம்மா அரிவாள்மனையைச் சாணை பிடிக்கக் கொடுத்திருந்தார். திரும்பி வந்ததும் விரலால் முனையைத் தடவிப் பார்த்தார், சாக்கில் சுற்றினார், இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“இன்னைக்கு சனிக்கிழமைங்க, பரவாயில்லையா?” என்று கேட்ட செல்வத்தை நான் காலால் மிதிப்பதற்குள் அந்த அம்மா பதில் சொல்லிவிட்டார்: “கூடவே சனீஸ்வரன் வந்தா வரட்டும் தம்பி, செதிலு எடுக்க ஆளு இல்லாமத்தான் கெடக்கேன்.”

மணி ஐந்து

கலியமூர்த்தி அண்ணன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்தார். பின்னாலேயே பந்தல்காரர்கள் நாற்காலிகளோடு வந்தார்கள். சுவரோரம் நின்ற இரும்பை அண்ணன் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். செல்வம், தன் வீட்டில் மாமியார் இருப்பதாகச் சொல்லி நழுவினார். சாவி போய்விட்டால் முகாமும் போய்விடும். ஒரு லோடு ஆட்டோவைப் பிடித்து, ஊர் இரும்பு மொத்தத்தையும் ஏற்றி என் வீட்டுக்குக் கொண்டு போனேன்.

என் மனைவி வாசலில் நின்று, ஆட்டோவிலிருந்து இறங்கிய ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்த்தாள். கடைசியாகத் தையல் மெஷினைக் கட்டிப்பிடித்தபடி நான் படியேறும்போதுதான் வாயைத் திறந்தாள்: “ஊருக்கெல்லாம் இன்னைக்கு சனிக்கிழமை. நம்ம வீட்டுக்கு மட்டும் என்ன கிழமைங்க?”

சாவி தப்பியது, முகாமையும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டோம்; கறிக்கடை வரிசையை விட்டுவிட்டு வரத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.