தக்காளி மண்டியில் வாங்கிய திட்டு

கல்யாணமாகி முதல்முறையாக மாமனார் வீட்டில் சில நாள் தங்கப் போயிருந்தோம். மாரண்டஹள்ளியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஊர். மாமனாருக்குத் தக்காளித் தோட்டம். எனக்கு ஓசூரில் வேலை. ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் ஒரு மருந்துக் கடை நிறுவனத்துக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்வது.

ஒவ்வொரு கடையிலும் பில் போடுவதற்கென்று ஒரு சர்வர் இருக்கும். புது ஃபைல் ஏற்ற வேண்டுமென்றால் கடை கடையாக யாரும் போக வேண்டியதில்லை. நான் எழுதிய புரோகிராம் எல்லா சர்வருக்குள்ளும் தானாகவே நுழையும். பில் வேலையை நிறுத்தும், புது ஃபைலை நகலெடுக்கும், மறுபடி ஓடவிடும். நாங்கள் அங்கே தங்கியிருந்த ஒரு நாள் காலை, கடை திறப்பதற்குள் அதைச் செய்ய வேண்டியிருந்தது. எங்கிருந்தாலும் செய்துவிடுவேன் என்று சொல்லித்தான் லீவு வாங்கியிருந்தேன்.

காப்பி குடிக்கும்போது மாமனார் கேட்டார். "அப்போ நம்ம வூட்டுல இருந்தே அத்தன கடைக்கும் உத்தரவு போடுவீங்களா மாப்பிள்ளை?"

"ஒரே சமயத்துலங்க மாமா. ஒரு பட்டனத் தட்டுனாப் போதும்."

சும்மா இருந்திருக்கலாம். அவர் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டார். "வாங்க, எங்க மாப்பிள்ளை வேலையப் பாருங்க." நான் போனிலிருந்து நெட் எடுத்து, கொஞ்சம் மிடுக்காகவே பட்டனைத் தட்டினேன். திரையில் கடைகளின் பெயர்கள் பச்சை எழுத்தில் ஓட ஆரம்பித்தன. பாதி ஓடியிருக்கும். கரண்ட் போனது. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது, ஆனால் ஊர் டவர் அணைந்துவிட்டது. போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. புரோகிராம் அப்படியே நின்றது.

தலைமை அலுவலக சர்வரில் அதை ஓடவிட்டிருந்தால், என் லேப்டாப்பே அணைந்தாலும் வேலை நடந்திருக்கும். அது எனக்குத் தெரியாததல்ல. வேப்பமரத்தடியில் பச்சை எழுத்து ஓடுவதைக் காட்டும் ஆசையில் லேப்டாப்பிலிருந்தே நேராகத் தொடங்கிவிட்டேன். இப்போது சில கடைகளில் பழைய ஃபைல், சில கடைகளில் புதுசு. நடுவில் மாட்டிய கடைகளில் பில் வேலை நின்று கிடக்கிறது.

என் முகத்தைப் பார்த்ததும் மாமனார் எழுந்தார். வண்டியை எடுத்தார். "மண்டியில ஜெனரேட்டரு இருக்குது, சிக்னலும் கெடைக்கும். உக்காருங்க."

மண்டிக்குள் நுழைந்ததுமே போன் அதிர்ந்தது. மேனேஜர். என்னைவிட வயதில் சின்னவர். கடைகள் திறந்துவிட்டன, பில் போட முடியாமல் மருந்துக்கு ஆட்கள் நிற்கிறார்கள் என்றார்.

"ஸ்பீக்கர்ல போடு. ரெண்டு கையும் கீபோர்டுல இருக்கணும்" என்று உத்தரவு போட்டார்.

கவிழ்த்துப் போட்ட தக்காளிக் கிரேட்டின் மேல் லேப்டாப்பை வைத்தேன், பக்கத்தில் போன். சுற்றிலும் வியாபாரிகள், சுமை தூக்குகிறவர்கள், மாமனாரைப் பல வருஷமாகத் தெரிந்தவர்கள்.

"படிச்சுட்டுத்தான் வேலைக்கு வந்தியா? அறிவுன்னு ஒண்ணு இருக்கா உனக்கு? மாமியார் வூட்டுல விருந்து சாப்புடறதுக்கு சம்பளம் குடுக்கறமா?"

"சாரி சார். ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டிருக்கேன் சார்."

"வாய மூடிட்டு வேலையப் பாரு."

காது சுட்டது. தலை நிமிரவில்லை. அப்போது மாமனார் சட்டென்று எழுந்து எதிரில் இருந்த வியாபாரியிடம் போய்ச் சத்தம் போட ஆரம்பித்தார். "என்னாங்க வெல இது? நேத்து ஒண்ணு சொல்றீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க!" அன்றைக்கு அவர் தக்காளியே கொண்டுவரவில்லை. அந்த வியாபாரி திருதிருவென்று விழித்தார். கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. மேனேஜரின் குரல் அந்தக் கூச்சலில் அமுங்கிப்போனது.

எனக்காகத்தான் கத்துகிறார் என்று புரிந்ததும், திட்டு வாங்கியதைவிட அதுதான் என்னைக் கூசவைத்தது. நின்றுபோன கடைகளை ஒவ்வொன்றாகத் தேடி ஃபைலை மறுபடி ஏற்றினேன். கடைசிக் கடையும் ஓட ஆரம்பித்ததும் மேனேஜர் போனை வைத்தார்.

வீட்டுக்குத் திரும்பியதும் மாமியார் வாசலுக்கு ஓடிவந்தார். "என்னாச்சுங்க?"

"எங்கியோ கோளாறு. அத்தனையும் மாப்பிள்ளைதான் சரி பண்ணிக் குடுத்தாரு" என்றார் மாமனார். பக்கத்து வீட்டுக்காரரிடமும் அதையே சொன்னார். என் மனைவி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். நான் மறுத்துச் சொல்லவில்லை. மத்தியானம் இலையில் விழுந்த கோழித் துண்டுகளைத் தலையைக் குனிந்துகொண்டே தின்றேன். மாமனார் என் பக்கம் திரும்பவே இல்லை. கோபத்தில் அல்ல, என் கண்ணைப் பார்க்க அவருக்கே சங்கடம்.

ஓசூருக்குத் திரும்பியதும் புரோகிராமை மாற்றி எழுதினேன். இப்போது அது தலைமை அலுவலக சர்வரிலேயே ஓடுகிறது. முதலில் எந்தெந்தக் கடைக்கு இணைப்பு இருக்கிறது என்று பார்க்கும். நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதற்குப் பிறகு ஒருமுறைகூடத் தகராறு செய்ததில்லை.

சில மாதம் கழித்து மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என் மனைவி சமையலறையில் இருந்தாள். நாங்கள் இருவரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். என் போன் அடித்தது. நான் எடுப்பதற்குள் அவர் எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வந்தது மேனேஜர் போன் அல்ல, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரின் போன்.

பேசி முடித்தேன். உடனே போய் அவரைக் கூப்பிட எனக்கு முகமில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தெருவைப் பார்த்தபடி, இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும் என்பதுபோல நின்றுகொண்டிருந்தார்.