பச்சை வெளுத்த குப்பி

தாவர சாஸ்திர ஆசிரியர் பாக்கியநாதன் காலமாகிவிட்டார் என்று நெய்யூரிலிருந்து அவர் தம்பி எழுதிய கார்டு போன செவ்வாய்க்கிழமை வந்தது. நான் நம்பவில்லை. கையெழுத்தைப் பார்த்தேன், தபால் முத்திரையைப் பார்த்தேன். அவர் விஷயத்தில் எதையும் முதலில் சந்தேகப்படுவது என் பழக்கம். எங்களோடு கல்லூரியில் வேலை பார்த்த உங்களுக்கு அது தெரியும்.

நான் பிராணி சாஸ்திரம். பூதப்பாண்டிக் குளத்தில் எடுத்த பச்சைத் தண்ணீரில் யூக்ளினா இருந்தது. ஒரே உயிரணுவால் ஆன, கண்ணுக்குத் தெரியாத ஜீவன்.

"உடம்புக்குள்ள பச்சை இருக்கு. வெயிலுல தன் ஆகாரத்தத் தானே உண்டாக்குது. செடிதான் வே" என்பார் அவர்.

"வாலை ஆட்டி நீந்துதே. எந்தச் செடி ஓய் நீந்துது?" என்பேன் நான்.

எங்கள் ஆய்வறையில் இருந்ததும் இரண்டு அலமாரிகள்தான். செடிக்கு ஒன்று, பிராணிக்கு ஒன்று. காலையில் நான் 'பிராணி' என்று சீட்டு ஒட்டிய குப்பியில் மாலையில் அவர் கையெழுத்தில் 'பாசி' என்று ஒட்டியிருக்கும்.

ஒருநாள் அதற்குத் தீனியாக இரண்டு சொட்டுக் கஞ்சித்தண்ணீர் விட்டு, குப்பியை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் மடியில். ஓணம் விடுமுறை கழிந்து திறந்தால் தண்ணீர் வெளுத்திருந்தது. மைக்ராஸ்கோப்பில் நிறமில்லாத ஏதோ நீந்தியது. ஆசிரியர் அறையில் உங்கள் எல்லார் முன்னாலும், "கள்ளச்சாவி போட்டுக் குப்பிய மாத்திட்டீரு" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. குப்பியை வாங்கி ஜன்னலில் வைத்தார்.

அடுத்த வாரம் தண்ணீர் மறுபடி பச்சையாக இருந்தது. மை ஊற்றியிருப்பார் என்று மோந்து பார்த்தேன். அவர் என்னைத் தனியே அழைத்து மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார். அதே யூக்ளினாதான். இருட்டில் பச்சையை விட்டுவிட்டு, கஞ்சித்தண்ணீரில் கிடைத்ததை உறிஞ்சிப் பிழைத்திருக்கிறது. வெளிச்சம் கண்டதும் செடியின் வேலைக்குத் திரும்பிவிட்டது.

"நம்ம ரெண்டு அலமாரிக்கும் இது அடங்காது வே. உம்ம சந்தேகம் நல்லதுதான். ஆளு மேல வைக்காதேயும். நம்ம ஒட்டுக பேரு மேல வையும்" என்றார்.

குற்றம் சொன்னது எல்லார் முன்னாலும். தெளிந்தது எங்கள் இருவருக்குள். வெட்கத்தில் நான் வெளியே சொல்லவில்லை. அவரும் சொல்லச் சொல்லவில்லை. அதன்பிறகு அவர் வருவதைக் கண்டால் உங்களில் சிலர் அலமாரியைப் பூட்டினீர்கள். அதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அந்தக் குப்பி இப்போது என் ஜன்னலில் இருக்கிறது. 'பிராணி', 'பாசி' இரண்டு சீட்டையும் கிழித்துவிட்டேன். அவர் மேல் நான் ஒட்டிய சீட்டு ஒன்று மிச்சம். அதை உங்கள் முன்னால்தான் கிழிக்க வேண்டும். பாக்கியநாதன் குப்பியை மாற்றவில்லை.