சிவப்புச் சாக்பீஸும் ஏழு நிமிடமும்

பேருந்துப் பணிமனையில் அவரைப் பிரேக் அக்கா என்றே அழைத்தார்கள். பத்தொன்பது ஆண்டுகளாகப் பிரேக் சோதனைப் பிரிவின் மெக்கானிக். சோதித்த ஒவ்வொரு வண்டிக்கும் பதிவேட்டில் அவர் கையெழுத்தில் ஒரு வரி உண்டு. அந்தப் பிரிவை மூடிப் பொதுப் பழுதுபார்ப்போடு சேர்த்துவிட நிர்வாகம் எண்ணியது. கூடாது என்பவர் நிர்வாகக் குழுவின் முன் ஸ்லைடு போட்டு ஏழு நிமிடத்தில் விளக்க வேண்டும். மேடைப் பேச்சு தெரிந்த வேறொருவரை அனுப்பலாம் என்று ஃபோர்மேன் இழுத்தார். நானே போகிறேன் என்று அக்கா முடித்துவிட்டார்.

மூன்று மாலைகளில் பதினான்கு ஸ்லைடுகள் தயாராயின. முதலாவதிலேயே அவ்வாண்டு சோதித்த அறுபத்திரண்டு வண்டிகளின் பட்டியல். ஒன்றை விட்டாலும் கணக்கு பொய்யாகிவிடும் என்று அவருக்குப் பட்டது.

ஒத்திகைக்கு வீட்டுக் கூடத்தின் மறுகோடியில் நாத்தனாரை உட்காரவைத்தார். அவர் தையற்காரி, அளவு தப்பினால் முகத்துக்கு நேரே சொல்பவர்.

"என்ன தெரியுது?"

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு அண்ணி. ஆனா சிவப்புல இருக்கிற பஸ்ல மட்டும் நான் ஏற மாட்டேன்."

"அடியே, அதெல்லாம் நல்ல வண்டிடி."

பணிமனையில் தேறிய பிரேக் டிரம்முக்குச் சிவப்புச் சாக்பீஸ், தேறாததற்கு வெள்ளை. கறுத்த இரும்பில் வெள்ளைதான் பளிச்சென்று தெரியும். அதே நிறங்களை அக்கா ஸ்லைடிலும் வைத்திருந்தார். வெளிர்நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து கரைந்துபோக, ஆபத்தான வண்டிகள் கண்ணிலேயே படவில்லை.

பதினான்கும் ஏழு நிமிடத்தில் அடங்கவும் இல்லை. எதைக் கழிப்பது என்று அக்கா தயங்கினார்.

"துணியை வெட்டினாத்தான் திரும்ப ஒட்டாது. இதுல வேணும்னா மறுபடி போட்டுக்கலாமே. வெட்டுங்க."

பதினொன்று போயின. பட்டியல், தேறாத வண்டிகள் சிவப்பில் வர, குழுவினர் கையில் கொடுக்கும் காகிதத்துக்கு மாறியது. எஞ்சிய மூன்றில் முதலாவதில் இரண்டே படங்கள்: டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பிரேக் லைனிங் புதிதாக ஒன்று, தேய்ந்தது ஒன்று. ஒரே அளவு, ஒரே கோட்டில், சுற்றிலும் வெற்றிடம். கீழே கடைசி வரிசைக்கும் தெரியும்படி ஒரு வரி: 'தேய்ந்த லைனிங்கோடு இந்த வண்டி சோதனையன்று காலை புறப்படத் தயாராக நின்றது.'

கூட்டத்தன்று குழுவின் தலைவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிரைவர் புகார் ஒண்ணும் கொடுக்கலையா?"

"இல்ல சார். கழட்டிப் பார்த்ததாலதான் தெரிஞ்சுது."

மற்ற இரண்டு ஸ்லைடுகளுக்கும் ஒன்றரை நிமிடமே பிடித்தது. பிரிவு இன்னும் ஓராண்டு தொடரும், பிறகு மறுபரிசீலனை என்று முடிவாயிற்று.

மறுநாள் ஃபோர்மேன், சாக்பீஸ் நிறத்தையும் மாற்றிவிடலாமா என்று கேட்டார்.

"இங்க படிக்கிறது நாமதானே," என்றபடி அக்கா அடுத்த டிரம்மில் சிவப்புக் கோடு இழுத்தார்.