முன்னால் நிற்கிறவனுக்கு என்ன வாங்குவது

என் மச்சினன்தான் அந்த விளையாட்டை என் போனில் ஏற்றிக் கொடுத்தான். கல்யாணமாகி, வண்டிப்பெரியாருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் மாமனார் வீட்டோடு நான் வந்து சேர்ந்த முதல் மழைக்காலம் அது. சொந்த ஊர் சூரியநெல்லியில் எனக்கென்று இருந்தது ஒரு அண்ணனும் அவன் குடும்பமும்தான். அங்கே எனக்குப் படுக்கவே இடம் கிடையாது. இங்கே டவுனில் டயர் கடையில் வேலை கிடைத்தது. வீட்டுக்காரி எஸ்டேட்டில் தேயிலைக் கொளுந்து பறித்தாள். தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கட்டிக் கொடுத்த வரிசை வீடுதான் லயம், அதில் இரண்டு அறை வீடு. மாமனார், மாமியார், மச்சினன், நாங்கள் இரண்டு பேர், எல்லாரும் அதற்குள்தான்.

மச்சினனுக்கு என்னைவிட ஆறேழு வயது குறைவு. குமுளியில் செல்போன் ரிப்பேர் கடையில் இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் போனை வாங்கி எதையோ அழுத்திக்கொண்டே சொன்னான்.

"அத்தான், எங்க செட்ல ஒரு ஆள் குறையுது. நீங்க சும்மா முன்னாடி நில்லுங்க. அது போதும்."

இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். நடுவில் காடு, மூன்று பாதை. எதிராளியின் கோட்டையை இடித்தால் ஜெயித்தோம். மச்சினன் வில்லுக்காரி ஒருத்தியை வைத்து விளையாடுவான். அவள் தூரத்தில் நின்று அடிப்பாள், ஆனால் இரண்டு அடி விழுந்தால் தாங்கமாட்டாள். அதனால் அவளுக்கு முன்னால் ஒருத்தன் நின்று எல்லா அடியையும் வாங்க வேண்டும். அந்த ஆளை டேங்க் என்பார்கள். எனக்குக் கிடைத்தவன் கோடாலி வைத்த ஒரு தடியன். நடை மெதுவு. எதிராளிக்குக் கையெட்டும் தூரத்துக்குப் போனால்தான் அவனால் அடிக்க முடியும். போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போயிருக்கும்.

ஆட்டம் நடக்க நடக்கத் தங்கம் சேரும். அதை வைத்துச் சாமான் வாங்கலாம். ஆறு சாமான்தான் வைத்துக்கொள்ள முடியும். எதை வாங்குவது, எதை முதலில் வாங்குவது என்பதில்தான் எனக்கும் மச்சினனுக்கும் சண்டை. நான் வாள் வாங்குவேன். கோடாலி கூர்மையாகிற கல் வாங்குவேன். ஒரே அடியில் ஒருத்தனைச் சாய்க்க வேண்டும் என்று ஆசை. அவன் தலையில் கை வைத்துக்கொள்வான்.

"அத்தான், அடிக்கிறதுக்கு நான் இருக்கேன். நீங்க சாகாம இருந்தா போதும்னு சொல்லுதேன்ல."

"அடி வாங்கிட்டே நிக்கதுக்கு எதுக்குலே விளையாடணும்?"

போனுக்கு ரேஞ்ச் ஒழுங்காகக் கிடைப்பது வாசல்படியில் மட்டும்தான். நாங்கள் இரண்டு பேரும் அதில் நெருக்கி உட்கார்ந்திருப்போம். அடுப்படிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் போகிற வீட்டுக்காரி எங்களைத் தாண்டித் தாண்டித்தான் போக வேண்டும். போகும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்ப்பாள். அவள் ஒருநாளும் விளையாடியதில்லை. ஆனால் நான் செத்துக் கிடக்கிற நேரத்தில் திரையில் யார் யார் என்னை எவ்வளவு அடித்தார்கள் என்று காட்டும். அதை நான் பார்க்கமாட்டேன், அவள் பார்ப்பாள்.

"ஏங்க, உங்களை அடிச்சது பூரா அந்த மந்திரக்காரிதான். நீங்க இரும்புச் சட்டையா வாங்கி மாட்டிட்டு நிக்கீங்க. மந்திரம் இரும்புல நிக்குமா?"

மச்சினன் சிரித்த சிரிப்பில் போன் கீழே விழப் பார்த்தது. "அக்காவை டேங்க்கா வச்சிருக்கலாம்" என்றான்.

அதற்குப் பிறகுதான் நான் ஒழுங்காக வாங்கக் கற்றுக்கொண்டேன். ஆட்டம் தொடங்கியதும் எதிரே வருகிற ஐந்து பேரையும் ஒருமுறை பார்ப்பேன். கையால் அடிக்கிறவன் எத்தனை, மந்திரத்தால் அடிக்கிறவன் எத்தனை என்று பிரித்துக்கொள்வேன். முதலில் செருப்பு, அதிலேயே இரண்டு வகை. அப்புறம் உயிர் கூடுகிற கல். அப்புறம்தான் கவசம். வேகமாக அடிக்கிறவன் எதிரே இருந்தால் முள் வைத்த கவசம், அடித்தவனுக்கே கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். அடிபட்டாலும் உடனுக்குடன் தேறிக்கொள்கிறவன் இருந்தால், அந்தத் தேறலைக் குறைக்கிற சாமான் ஒன்று உண்டு. எல்லாம் வாங்கிவிட்டு நடுப்பாதையில் போய் நின்றால், நான்கு பேர் சுற்றி நின்று அடித்தாலும் தடியன் விழமாட்டான். பின்னாலிருந்து மச்சினனின் அம்புகள் என்னைத் தாண்டிப் போகும். அந்த மாதிரி ஜெயித்த சாயங்காலங்களில் நான் ஒருத்தனையும் கொன்றிருக்கமாட்டேன். ஆனாலும் எல்லாரையும்விட எனக்குத்தான் சந்தோஷமாக இருக்கும்.

இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று.

அடுத்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் வலிக்கிறது என்றாள். கொளுந்து எடுக்கிறவர்களுக்குக் கால் வலிக்காத நாள் கிடையாது. அதனால் அவளே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கி விழுங்கினாள், காய்ச்சல் விட்ட மாதிரி இருந்தது, வேலைக்குப் போனாள். பிறகு ஒரு காலையில் முகம் கழுவிவிட்டு வந்தவளின் கண் மஞ்சளாக இருந்ததை மாமியார்தான் பார்த்தார். ஜீப் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மலையாளத்தில் எலிப்பனி என்றார்கள். இங்கே தமிழ் பேசுகிற நாங்களும் அதை அப்படித்தான் சொல்வோம், எலியால் வருகிற காய்ச்சல். கிட்னியைப் பிடித்துவிட்டது என்றார் டாக்டர். அவரால் ஆனதையெல்லாம் செய்தார், அதில் எனக்குக் குறை இல்லை.

கடைசியாக அவள் தெளிவாகப் பேசியது ஒரு சாயங்காலம். வெளியே வராண்டாவில் மழைச்சாரல் அடித்தது.

"தம்பி சாப்பிட்டானா?" என்றாள்.

"சாப்பிட்டான்."

"நீங்க?"

"ம்."

"பொய் சொல்லாதீங்க" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் அவளை உள்ளே வேறு அறைக்கு மாற்றினார்கள். அங்கே எங்களை விடவில்லை. நானும் மச்சினனும் கதவுக்கு வெளியே சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் வந்து என் பெயரைக் கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. மச்சினன் என் முழங்கையைப் பிடித்தான். வீட்டுக்கு வந்து சேரும் வரை அந்தப் பிடியை விடவில்லை.

காரியம் முடிந்த பிறகு தொழிற்சங்கத்து ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். பேச்சைத் தொடங்கவே சிரமப்பட்டார். அந்த வீடு அவள் பெயரில் இருந்தது. மாமியார் ரிட்டயர் ஆனபோது அவர் இடத்தில் மகள் பெயர் கொடுத்தாள், அதனால்தான் வீடு தங்கியது. இப்போது அவள் இல்லை. குடும்பத்தில் ஒருத்தர் அவள் இடத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"புருஷன் கொடுக்கலாம், தம்பியும் கொடுக்கலாம். நீங்களே உங்களுக்குள்ள பேசிச் சொல்லுங்க" என்று எழுந்துகொண்டார். ஊற்றி வைத்த டீ அப்படியே இருந்தது.

அன்றைக்கு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மாமியார் சோறு போட்டு வைப்பார், நான் சாப்பிட்டு எழுவேன். என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

சாயங்காலங்களில் நானும் மச்சினனும் மறுபடி வாசல்படியில் உட்கார ஆரம்பித்தோம். யார் முதலில் போனை எடுத்தது என்று ஞாபகமில்லை. வேறு எதைப் பேசினாலும் அவளிடம் போய் முடியும். இதைப் பேசினால் அப்படி இல்லை. "அத்தான், மேல்பாதை", "மாப்ளே, பின்னாடி வாரான்", அவ்வளவுதான் பேச்சு.

ஆனால் நான் பழையபடி வாள் வாங்க ஆரம்பித்திருந்தேன். வேண்டுமென்று தொடங்கவில்லை. கடையைத் திறந்தால் கை அங்கேதான் போகும். எதிரே மந்திரக்காரர்கள் மூன்று பேர் நிற்பார்கள். நான் ஒரு கவசம்கூட இல்லாமல், செருப்பும் இல்லாமல், கோடாலியைக் கூர்மையாக்கிக்கொண்டு தனியாக நடுவில் போய் இறங்குவேன். தடியன் விழுவான். திரை சாம்பல் நிறமாகும். மறுபடி எழுகிறவரைக்கும் எண்கள் குறைந்துகொண்டே வரும். அந்த நேரத்தில் யாரும் என்னிடம் எதுவும் கேட்க முடியாது. அது எனக்குப் பிடித்திருந்தது.

தினமும் தோற்றோம். செட்டில் இருந்த மற்ற மூன்று பேரும் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். மச்சினன் மட்டும் என்னோடு இருந்தான்.

ஒருநாள் ஆட்டத்தின் நடுவிலேயே அவன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

"அத்தான், நீங்க சாகணும்னே போறீங்க."

நான் தடியனை நடுப்பாதையில் நடத்திக்கொண்டே இருந்தேன்.

"நீங்க விழுந்தா அடுத்து என்னையத்தான் அடிப்பான். எனக்கு என்ன இருக்கு, தாங்கதுக்கு?"

"இது வெறும் விளையாட்டுதான்லே."

"விளையாட்டைத்தான் சொல்லுதேன்" என்றான். பிறகு, "அம்மா என்னையப் பேர் கொடுக்கச் சொல்லுது" என்றான்.

கோயம்புத்தூரில் பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் அவனுக்கு வேலை சொல்லியிருந்தார்கள். அது எனக்குத் தெரியும். அக்கா நன்றாக இருந்தபோது அவளிடம்தான் முதலில் சொல்லியிருந்தான். அவள் என்னிடம் வந்து, தம்பி தப்பிச்சிட்டான் என்று குரலைத் தாழ்த்திச் சொல்லியிருந்தாள்.

"பேர் கொடுத்தா ரிட்டயர் ஆகிற வரைக்கும் இங்கதான் அத்தான். நடுவுல விட்டா வீடு போயிரும்."

"நான் கொடுக்கேன் மாப்ளே. நீ கிளம்பு."

அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். நான் அதை யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு அதுதான் சரி என்று பட்டது. டயர் கடையில் இருந்தால் என்ன, எஸ்டேட் டீ பாக்டரியில் இருந்தால் என்ன. அவள் இருந்த வீட்டில் இருக்கலாம். வயதான இரண்டு பேருக்கும் ஒரு ஆள் இருக்கும்.

உள்ளே போய் இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னோம். மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்தார். அந்த நாட்களில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"உங்களைக் குத்தம் சொல்லலை. உங்களுக்கு என்ன வயசாச்சு? நாளைக்கு வேற ஒருத்தியைக் கூட்டிட்டு வருவீங்க. வரத்தான் செய்வீங்க, அது நியாயம். அன்னைக்கு இந்த வீட்டுல நாங்க யாரு?"

"நான் அப்படிச் செய்யமாட்டேன் அத்தை."

"இன்னைக்குச் செய்யமாட்டீங்க" என்றார்.

மச்சினன் கத்தினான். அம்மாவை ஒருநாளும் எதிர்த்துப் பேசாதவன், அன்றைக்கு லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். மாமனார் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் திரும்பாமலே சொன்னார்: "மக பேர்ல இருந்த வீடு. மகன் பேர்ல இருக்கட்டும்."

எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். அந்தக் கிழவிக்கு மகள் போய், கூரையும் போகப் பார்த்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அடுத்த வாரம் மச்சினன் எஸ்டேட் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வந்தான். நான் டவுனில் டயர் கடைக்கு மேலே ஒரு அறைக்கு மாறினேன். அவளுடைய சாமான்களில் ஒரு ஸ்வெட்டர் மட்டும் கேட்டேன். மாமியார் அதைத் துவைத்து மடித்துக் கொடுத்தார். துவைக்காமல் கொடுத்திருக்கலாம்.

போகும்போது மச்சினன் ஜீப் நிற்கிற இடம் வரைக்கும் என் பெட்டியைத் தூக்கி வந்தான்.

"சாயங்காலம் ஆன்லைன்ல வாங்க அத்தான்."

"வாரேன்."

போனேன். சில வாரம் விளையாடினோம். பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுவது வேறு, காதில் குரலை மட்டும் கேட்டு விளையாடுவது வேறு. நான் மறுபடி கவசம் வாங்கினேன். அவனுக்காகத்தான் வாங்கினேன். எதிரே யார் என்று பார்த்து, செருப்பிலிருந்து ஆரம்பித்து, ஒழுங்காக வாங்கினேன். ஜெயிக்கவும் செய்தோம். ஜெயித்தால் கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்.

அப்புறம் அவனைத் தேயிலைச் செடிக்கு மருந்தடிக்கிற வேலைக்குப் போட்டார்கள். முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு சரிவில் ஏறி இறங்க வேண்டும். சாயங்காலம் விரல்கள் மரத்துப்போகின்றன, திரையைத் தொட்டாலே தெரிவதில்லை என்றான். வில்லுக்காரிக்கு வேகமான கை வேண்டும். நடு ஆட்டத்தில் அவள் சும்மா நின்றுவிடுவாள். நான் முன்னால் நின்று எவ்வளவு தாங்கினாலும் பின்னாலிருந்து அம்பு வராது. ஒருநாள் அவன் வரவில்லை. போன் செய்தேன், தூங்கிவிட்டேன் அத்தான் என்றான். அதற்குப் பிறகு அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியவேயில்லை.

அவன் கல்யாணத்துக்குச் சொல்லியனுப்பினார்கள். போனேன், சாப்பிட்டேன், வந்துவிட்டேன். பெண் நல்ல பெண்ணாகத் தெரிந்தது. எஸ்டேட்டில்தான் அவளுக்கும் வேலை.

போன மாதம் ஒரு பைக் பஞ்சராகிக் கடைக்கு வந்தது. தள்ளிக்கொண்டு வந்தது மச்சினன். கூட எஸ்டேட்டில் அவனோடு வேலை செய்கிற ஆள் ஒருவர். மச்சினனின் கன்னம் ஒட்டியிருந்தது, கைத்தோல் வெளுத்து உரிந்திருந்தது. நான் டயரைக் கழற்றும்போது, கூட வந்தவர் கேட்டார், "தெரிஞ்ச கடையா?"

"ஆமா" என்றான் மச்சினன். கொஞ்சம் நிறுத்தினான். "நமக்குத் தெரிஞ்ச அண்ணன்தான்."

அத்தான் என்று சொல்லியிருந்தால், கூட வந்தவர் எந்த வழியில் என்று கேட்டிருப்பார். அவன் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதற்காகத்தான் அப்படிச் சொன்னான் என்று எனக்கு அப்போதே புரிந்தது. டியூபைத் தண்ணீரில் முக்கினேன். குமிழி எங்கே வருகிறது என்று மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

வேலை முடிந்ததும் அவன் பைக்கில் ஏறி உட்கார்ந்தான். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்றான். "ஒருநாள் வந்து பாருங்க."

"வாரேன்" என்றேன்.

இன்னும் போகவில்லை. மழை விடட்டும் என்று இருக்கிறேன்.