ஒரு நாள் வாடகை

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கணேசமூர்த்தி முதலில் குளியலறைக் குழாயைத்தான் திறப்பார். வீடு பார்க்க வந்தவர்கள் கூடத்தின் அகலத்தையும் ஜன்னலின் திசையையும் அளந்துகொண்டிருக்கையில் உள்ளேயிருந்து அவர் குரல் வரும்: "தண்ணி கீது சார். மத்ததெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்." குழாய் வெறும் காற்றை ஊதினால் நேரே வாசலுக்குப் போய் மொபெட்டை உதைப்பார்.

மந்தைவெளி மார்க்கெட்டை ஒட்டிய டீக்கடை பெஞ்சுதான் அவருக்கு ஆபீஸ். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை எந்த மாடி காலியாகப் போகிறது என்று சில சமயம் வீட்டுக்காரருக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். ஒருவர் காலி செய்து இன்னொருவர் குடிவந்தால் ஒரு மாத வாடகை கமிஷன். "எல்லாரும் ஒரே வூட்ல குந்திகினு இருந்தா நான் இன்னாத்த துன்றது?" என்று கேட்டுச் சிரிப்பார்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு மின்னஞ்சல் கற்றுக்கொண்டார். அமெரிக்காவில் வேலை பார்க்கும் நிரஞ்சனின் மந்தைவெளி ஃப்ளாட்டைக் கவனித்துக்கொள்வது அவர்தான். மோட்டார் ரிப்பேருக்கெல்லாம் ஐ.எஸ்.டி. போட்டுப் பேசினால் கட்டுப்படியாகாது. அதனால் எஸ்.டி.டி. பூத்தின் பின்பக்கம் புதிதாக முளைத்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஒற்றை விரலால், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார். பக்கத்து நாற்காலிக் கல்லூரிப் பெண்கள் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

தொண்ணூற்றொன்பது ஜூனில் சுப்புராயன் கூப்பிட்டனுப்பினார். ரிட்டயரானவர், பி.எஃப். பணத்தைப் போட்டு வீட்டின் பின்கட்டைப் போர்ஷனாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். அங்கே இருந்தவர்கள் ஜைதூன் பீயின் குடும்பம். கணவர் லோடு ஆட்டோ ஓட்டி, தரமணி சாலையில் கவிழ்ந்து, தொடையில் கம்பி வைத்துப் படுத்திருந்தார். ஜைதூன் பீ தி.நகர்க் கடைகளுக்குப் புடவை ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பதில் அரிசி வாங்கலாம், வாடகை கொடுக்க முடியாது. கொடுத்திருந்த அட்வான்ஸும் மாதாமாதம் கழிந்து தீர்ந்து, அதற்கு மேலும் பாக்கி நின்றது. அடுத்த வார வெள்ளிக்கிழமை காலி செய்யச் சொல்லியாயிற்று, வேறு ஆள் கொண்டுவா என்றார் சுப்புராயன். கணேசமூர்த்தியும் ஒரு பேங்க் கிளார்க்கை அழைத்துவந்தார்.

கிளார்க் வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது ஜைதூன் பீ சுவரோரம் ஒதுங்கி நின்றாள். மகள் சாய்மா பத்தாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். கணேசமூர்த்தி வெளியே வரும்போது ஜைதூன் பீ மெதுவாகக் கேட்டாள்: "எங்களுக்கும் ஒரு எடம் பாத்துக் குடுங்கண்ணே. சின்னதா இருந்தாலும் பரவால்ல."

அவர் தலையாட்டிவிட்டு வந்தார். டீக்கடை பெஞ்சில் அவர் டீ ஆறிக்கொண்டிருந்தது. புது வீடென்றால் பத்து மாத அட்வான்ஸ் வேண்டும். அப்படியே இருந்தாலும் பேரைக் கேட்டதும் பாதிக் கதவுகள் மூடிக்கொள்ளும். அந்தக் கதவுகளைத் தட்டிப் பார்த்தவர் அவர். ஆக, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்குக் கூரை கிடையாது. வெளியே போகத்தான் பெரும்பணம் வேண்டும், இருக்கிற இடத்திலேயே இருக்கக் கொஞ்சம் போதும். இத்தனை வருஷத் தொழிலில் இதை ஒருநாளும் குடியிருப்பவர் பக்கத்திலிருந்து யோசித்ததில்லை என்று பிற்பாடு அதே பெஞ்சில் வைத்து என்னிடம் சொன்னார்.

அன்று சாயங்காலம் நிரஞ்சனுக்குத் தட்டிய கடிதத்தில் மோட்டார் சரியானதைச் சொல்லிவிட்டு, கீழே ஜைதூன் பீ வீட்டு விஷயத்தையும் எழுதினார். உதவி என்று கேட்கவில்லை. மனசு சரியில்லை சார், அதான் எழுதறேன் என்று முடித்தார்.

மறுநாளே பதில் வந்தது. நிரஞ்சன் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தான்: அந்த வீட்டுக்கு ஒரு நாள் வாடகை எவ்வளவு? கணக்குப் போட்டால் இரண்டு டாலர்கூட வரவில்லை. நிரஞ்சனின் நண்பன் ஒருவன் அங்கே இணையத்தில் கச்சேரி கேசட் விற்றுக்கொண்டிருந்தான். கேசட்டுகளுக்கு நடுவே ஒரு வரி சேர்த்தார்கள்: மந்தைவெளியில் ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் வாடகை, இரண்டு டாலர். கேசட் வாங்க வந்தவர்கள் கூடவே ஒரு நாளையும் வாங்கினார்கள். சிலர் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர், தன் பிறந்தநாள் அன்றைய வாடகை மட்டும் தன்னுடையதாக இருக்கட்டும் என்று எழுதினார். பாக்கி தீர்ந்து, வரப்போகும் மாதங்களுக்கும் சேர்ந்தது.

"ஒரு நாளு வாடக குடுக்கறவங்களும் கீறாங்களே!" என்று கணேசமூர்த்தி பூத்காரரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அங்கே சேர்ந்த பணம் இங்கே வந்துசேர நாளாகும். அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடுமே என்று சென்னையிலேயே இருக்கும் நிரஞ்சனின் அம்மா ஜலஜா தன் கணக்கிலிருந்து எடுத்துக்கொடுத்தார். "அந்தப் பொண்ணு பத்தாவதாமே. நடுவுல ஸ்கூல மாத்திண்டு திண்டாடப்படாது" என்றார்.

வியாழன் காலை சுப்புராயன் பணத்தைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. புது ஆள் வாடகை கூடத் தருவதாகச் சொன்னாரே என்றார். அந்தப் பேங்க்காரருக்கு ஆதம்பாக்கத்தில் ஒரு மாடி காட்டியாயிற்று, அவருக்கும் பிடித்துப்போய் அட்வான்ஸும் கொடுத்துவிட்டார் என்று கணேசமூர்த்தி நிதானமாகச் சொன்னார்.

சுப்புராயன் கண்ணாடியைக் கழற்றினார். "நீ யாருக்குய்யா புரோக்கர்? எனக்கா, அவங்களுக்கா?"

"வூட்டுக்கு சார். வூடு காலியா கெடக்கக்கூடாது."

சுப்புராயன் பணத்தை வாங்கிக்கொண்டு ரசீது எழுதிக்கொடுத்தார். இனிமேல் இந்த வாசலுக்கு ஆள் கொண்டுவராதே என்றும் சொன்னார். இன்றுவரை கூப்பிடவில்லை. அது போனால் போகட்டும் என்கிறார் கணேசமூர்த்தி. கேசட் விற்கும் அந்த இணையப் பக்கத்தில் அந்த வரி இன்னும் இருக்கிறது. குடும்பம்தான் அவ்வப்போது மாறுகிறது.

ரசீதோடு அவர் பின்கட்டுக்குப் போனபோது அங்கே பாதி வீடு மூட்டையாகியிருந்தது. பாத்திரங்கள் சாக்கில். கணவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஜைதூன் பீ ரசீதை வாங்கி சாய்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். பிறகு, கொடுத்தவர்கள் யார் என்று கேட்டாள். தனக்கும் தெரியாது என்றார் அவர்.

"மொகம் தெரியாதவங்களுக்கு நாங்க என்னண்ணே திருப்பிச் செய்றது?"

அறை புழுங்கியது. கணேசமூர்த்தி அண்ணாந்து பார்த்தார், உத்தரத்தில் வெறும் கொக்கியும் இரண்டு ஒயரும் தொங்கின. குடியிருப்பவர்களின் சொந்த ஃபேன் கழற்றப்பட்டு, பழைய புடவையில் சுற்றி, மூலையில் சாய்ந்திருந்தது.

மெயினை அணைக்கச் சொன்னார். செருப்பை உதறினார். ஸ்டூலைக் கொக்கிக்கு நேர் கீழே இழுத்துப் போட்டு ஏறி நின்று, ஃபேனைத் தூக்கிக் கொடுக்கச் சொல்லிக் கைகள் இரண்டையும் கீழே நீட்டினார்.