கூலிம் ஜப்பான் கடையில் என் வீட்டுக்காரர் பெயர் எழுதிய போத்தல்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை நானும் என் நாத்தனார் விஜயாவும் எங்கள் ஊர் பாக்கார் ஆராங்கிலிருந்து கூலிமுக்குப் போய், ஒரு ஜப்பான் கடையில் சாப்பிட்டுவிட்டு வந்தோம். கஃபேயும் பாரும் சேர்ந்த சின்னக் கடை. ஜப்பான்காரர்கள் தங்கள் வீட்டில் சமைக்கிற சாப்பாடு அங்கே கிடைக்கிறது. இந்தப் பக்கத்தில் இதுவரை கோயில், கடற்கரை, ஈப்போ வெள்ளைக் காப்பி என்றுதான் எழுதியிருக்கிறேன். பாரைப் பற்றி எழுதுவது இதுதான் முதல் தடவை. பாருக்குள் காலை வைத்ததும் இதுதான் முதல் தடவை.

ஏன் போனேன் என்று சொல்லாமல் சாப்பாட்டை மட்டும் எழுதினால் அது பாதிப் பொய்யாகிவிடும். என் வீட்டுக்காரர் மணியம் கூலிம் தொழிற்பேட்டையில் ஒரு ஜப்பான் கம்பெனிக்கு வேன் ஓட்டினார். அங்குள்ள ஜப்பான் இன்ஜினியர்களை வேலைக்குக் கூட்டிப் போவதும் திரும்பக் கொண்டுவந்து விடுவதும் அவர் வேலை. போன வருஷம் டெங்கிக் காய்ச்சலில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்தில் சாப்பிட உட்கார்ந்த ஒரு டிரைவர் தம்பி, நான் மோர் ஊற்றும்போது சொன்னார்: "அண்ணே வியாழக்கெழம ஆனா அந்த ஜப்பான் பார்லதான் இருப்பாருக்கா. அங்க உள்ள ஜப்பான்காரம்மாவுக்கு அண்ணனக் கண்டா அவ்ளோ சந்தோசம்."

அந்தத் தம்பி நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் வியாழக்கிழமை ஓவர்டைம் இருக்கிறது, வர நேரமாகும் என்றுதான் என் வீட்டுக்காரர் எனக்குச் சொல்லியிருந்தார். மகள் பரீட்சைக்காகக் காவடி எடுத்து, முருகன் முன்னால் குடியை விட்டவர் வேறு. பாரில் அவருக்கு என்ன வேலை? யார் அந்தப் பெண்? கேட்க ஆள் இல்லை. அதற்குப் பிறகு நான் அழுத அழுகையில் கூட ஒரு சந்தேகம் கலந்துதான் இருந்தது. அழுதுகொண்டே இருப்பேன், நடுவில் கோபம் வந்து அழுகை நின்றுவிடும். முழுசாக அழவும் முடியாமல், மறக்கவும் முடியாமல் ஒரு வருஷம் ஓடிவிட்டது.

தலைத்திவசம் நெருங்கியது. எங்கள் பக்கத்தில் திவசத்தன்று இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, குடித்தவராக இருந்தால் அதையும் ஒரு கிளாஸில் ஊற்றி, படத்துக்கு முன்னால் படைப்போம். கொஞ்ச நேரம் கதவைச் சாத்தி வைப்போம். அவர் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைத்தான் நாம் சாப்பிட வேண்டும். இவருக்கு என்ன பிடிக்கும் என்று இருபத்தெட்டு வருஷம் சமைத்துப் போட்ட எனக்கே தெரியவில்லையோ என்று ஆகிவிட்டது. மனசில் கசப்பை வைத்துக்கொண்டு இலை போடக் கூடாது. விஜயாவிடம் அப்போதுதான் வாயைத் திறந்தேன். அவருடைய தங்கை அவள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள்.

"தெவசம் முடியாம நா வெளிய போறது மொறையில்லயே விஜயா."

"கோயிலுக்குப் போகக்கூடாதுனுதான் சொல்லிருக்காங்க. பாருக்குப் போகக்கூடாதுனு ஒருத்தரும் சொல்லலயே. கெளம்புங்க அண்ணி."

"போயி என்னானு கேக்குறது?"

"ஒண்ணும் கேக்க வேணாம்லா. சாப்புட வந்தவங்க மாரி உக்காருவோம். அந்தப் பொம்பள மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிரும்."

"தப்பா ஏதாச்சும் தெரிஞ்சா?"

"நா பேசிக்கிறேன். செத்தாலும் எனக்கு அண்ணந்தானே. திட்றதுக்கு உரிம இருக்கு."

கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. நான் வேலை செய்யும் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்கும் மறுநாள் லீவு. அதனால் வியாழன் மாலை ஐந்தே காலுக்கு விஜயாவின் காரில் கிளம்பினோம். பாடாங் செராய் வழியாக ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். சும்மா நாளில் முக்கால் மணி நேரம் போதும் என்பாள். நாங்கள் போன நேரம் தொழிற்சாலை ஆள் மாறும் நேரம். கம்பெனி பஸ்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவில் மாட்டி, ஆறரைக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் விஜயா ஹாரன் அடித்துக்கொண்டே வந்தாள். நான் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே வந்தேன்.

கடை ஒரு கடைவரிசையின் பின்பக்கத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் துணி துவைக்கும் டோபிக் கடை, மறுபக்கம் மோட்டார் பட்டறை. பலகையில் ஜப்பான் எழுத்து மட்டும்தான். வாசலில் நீலத் துணி பாதிக் கதவுக்குத் தொங்கும். குனிந்து நுழைய வேண்டும். உள்ளே மேசையே கிடையாது. நீளமான ஒரு மரப்பலகை, அதன் முன்னால் பத்து நாற்காலி, பலகைக்கு அந்தப் பக்கம் அடுப்பு. மஞ்சள் விளக்கு. மீன் சுடுகிற வாசனை. நான் நினைத்துக்கொண்டு போன இருட்டும் பாட்டும் எதுவும் இல்லை.

"இதா பாரு? உங்க கேண்டீன் இதவிடப் பெருசா இருக்குமே," என்றாள் விஜயா.

அடுப்படியில் நின்றவர் ஒரே ஒரு அம்மாள். வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். முழங்காலில் பட்டை கட்டி, லேசாக நொண்டி நடந்தார். விஜயா என் காதுக்குள், "அண்ணி, இவங்களா? எங்கம்மா வயசு இருக்கும் போல. இவங்களுக்காகவா ஒரு வருசமாத் தூங்காமக் கெடந்தீங்க?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு யாராவது வேலைக்கு வருவார்களோ என்று பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் மலாய் பேசுவார். நம்மைப் போலவே உடைத்து உடைத்துப் பேசுவதால் எளிதாகப் புரியும். மாட்டிறைச்சி, பன்றி இல்லாதது எது என்று முதலில் கேட்டுக்கொண்டேன். உப்புப் போட்டுச் சுட்ட மீன் சாப்பாடு எனக்கு, கோழியும் உருளைக்கிழங்கும் போட்ட சாப்பாடு விஜயாவுக்கு. சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அடுப்புக்கு மேலே தட்டில் வரிசையாகப் போத்தல்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சின்ன அட்டை தொங்கியது. எல்லாவற்றிலும் ஜப்பான் எழுத்து. கடைசிப் போத்தலில் மட்டும் தமிழ்.

"அண்ணி," என்றாள் விஜயா. விரலால் காட்டினாள்.

மணியம். அவர் கையெழுத்துதான். 'ம'வை எப்போதும் பெட்டி மாதிரி போடுவார். போத்தலில் தேன் நிறத்தில் பாதி இருந்தது.

முருகன் பேரைச் சொல்லி விட்ட குடியை மறுபடி தொட்டிருக்கிறார். அது மட்டும்தான் அப்போது மனசில் ஓடியது. எழுந்து வந்துவிடலாம் என்று பையை எடுத்தேன். திட்டுகிறேன் என்று வந்த விஜயா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கடைசியில் நான்தான் கைப்பேசியில் அவர் படத்தை எடுத்துப் பலகை மேல் வைத்தேன். "இவர் என் வீட்டுக்காரர்," என்று மலாயில் சொன்னேன்.

அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அடுப்பை அணைத்தார். பலகையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, என் முன்னால் நின்று, இடுப்பு மடங்கக் குனிந்தார். அந்த முழங்காலோடு குனிந்தவர் நிமிரவே இல்லை. நான்தான் தோளைப் பிடித்துத் தூக்கினேன்.

அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். இன்ஜினியர்கள் வியாழக்கிழமைதோறும் சாப்பிட வருவார்கள். மணியம் வெளியே வேனில் காத்திருப்பார். ஒரு நாள் நல்ல மழை. இந்த அம்மாள்தான் குடையோடு போய் அவரை உள்ளே கூட்டி வந்திருக்கிறார். அதிலிருந்து ஓரத்து நாற்காலி அவருடையது. வழக்கமாக வருகிறவர்கள் ஒரு போத்தலை வாங்கிப் பெயர் எழுதிக் கடையிலேயே வைத்துவிட்டுப் போவது ஜப்பானில் பழக்கமாம். எல்லாருக்கும் போத்தல் இருக்கும்போது டிரைவருக்கு மட்டும் இல்லாமல் இருந்தால் நன்றாக இல்லை என்று இன்ஜினியர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மணியம் குடிக்க மாட்டார். கையைக் கூப்பி, மேலே காட்டி, சாமிக்குச் சொல்லிவிட்டேன் என்பாராம்.

"அப்ப அது?" என்று போத்தலைக் காட்டினேன்.

பிளம் காயைச் சீனியில் ஊறப்போட்டு எடுத்த சாறு. அந்த அம்மாளே கடையில் போடுகிறார். சோடா ஊற்றிக் கலக்கினால் சர்பத். போதை ஒன்றும் கிடையாது. மற்றவர்கள் போத்தல் வரிசையிலேயே இதையும் ஒரு போத்தலில் ஊற்றி, பெயர் எழுதச் சொல்லி வைத்தாராம்.

விஜயா பலகையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. "சர்பத்து, அண்ணி. எங்கண்ணன் பாருக்கு வந்து சர்பத்து குடிச்சிருக்கு," என்றாள்.

சாப்பாடு வந்தது. மரத்தட்டில் மீன், துருவிய முள்ளங்கி, சீனி போட்டுச் சுருட்டிய முட்டை, ஊறுகாய், அவித்த சோயாவைப் புளிக்கவைத்துச் செய்கிற ஒரு சூப்பு, ஒரு கிண்ணம் சோறு. சோற்றை வைத்தபோது அந்த அம்மாளுக்கு ஏதோ நினைவு வந்து சிரித்தார். "மணியம் எப்பவும் நாசி சிக்கிட், நாசி சிக்கிட்," என்றார். கொஞ்சம் சோறு போதும் என்பாராம். அரைக் கிண்ணத்துக்கு மேல் வைத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவாராம். ஏன் என்று கேட்டதற்கு, வீட்டில் மனைவி சோறு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அங்கேயும் சாப்பிட வேண்டும் என்றாராம். வெளியே சாப்பிட்டது தெரிந்தால் அவள் மனசு கஷ்டப்படும் என்றும் சொன்னாராம்.

வியாழக்கிழமைகளில் அவர் சாப்பிடாமல் படுத்ததே இல்லை. ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்குவார். ஓவர்டைம் செய்த பசி என்று நானும் அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதைப் பற்றி வெட்கமில்லாமல் எழுதலாம். மீனின் தோல் மொறுமொறுவென்று, உள்ளே எண்ணெய் வழிய இருந்தது. முட்டை இனிக்கும், முதல் வாய் ஒரு மாதிரி, இரண்டாம் வாய் நல்லாயிருக்கே, மூன்றாவதற்கு விஜயாவின் தட்டிலிருந்து எடுத்தேன். உருளைக்கிழங்கு சோயாவும் சீனியும் ஏறி வெண்ணெய் மாதிரி உடைந்தது. சூப்பை ரசம் மாதிரி கிண்ணத்தைத் தூக்கிக் குடிக்கலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். எல்லாவற்றிலும் காரம்தான் இல்லை. அதைச் சொல்ல வாய் எடுப்பதற்குள் அந்த அம்மாள் ஒரு கண்ணாடிக் குப்பியை நகர்த்தினார். கிச்சாப்பில், அதாவது சோயா சாஸில், வெட்டிப் போட்ட சிலி பாடிக் குட்டி மிளகாய். மணியம் கேட்டு வைக்கச் சொன்னதாம். இப்போது ஜப்பான்காரர்களும் கேட்கிறார்களாம்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு எனக்குப் பசித்தது. இன்னொரு கிண்ணம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

முடிந்ததும் அந்த அம்மாள் போத்தலை இறக்கி, துடைத்து, எங்கள் முன்னால் வைத்தார். அவர் இறந்ததைக் கம்பெனிக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். வீட்டு ஆள் யாராவது வருவார்கள் என்று ஊற்றாமல் வைத்திருந்தாராம். கொண்டுபோகிறீர்களா, இங்கேயே குடிக்கிறீர்களா என்று கேட்டார். குடிக்கிறோம் என்றேன். இரண்டு கிளாஸில் ஐஸ் போட்டு, சாறு ஊற்றி, சோடா ஊற்றினார். உப்பில் காயவைத்த அசாம்போய்ப் பழத்தின் வாசனை மாதிரி இருந்தது.

விஜயா கிளாஸைத் தூக்கியவள் கீழே வைத்தாள். "அண்ணி, தெவசத்துக்கு முன்னாடி அண்ணனுக்குப் படைக்காம நம்ம குடிக்கலாமா?"

"மேல் பாதிய அவருதானே குடிச்சாரு," என்றேன். "இது அவரு குடிச்ச மிச்சம். படைச்சது மாரிதான். குடி."

குடித்தோம். புளிப்பும் இனிப்பும். மூக்கில் சோடா ஏறி இருமினேன். இருமலிலேயே அழுகை வந்துவிட்டது. இந்தத் தடவை நடுவில் நிற்கவில்லை. அந்த அம்மாள் ஈரத் துணி ஒன்றைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விவரங்கள். கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று அந்த அம்மாள் கேட்டுக்கொண்டார். இருப்பது பத்து நாற்காலி, கூட்டம் வந்தால் அவர் ஒருவரால் முடியாது. தொழிற்பேட்டைப் பக்கம் ஜப்பான் சாப்பாட்டுக் கடை என்று கேட்டால் காட்டுவார்கள். மாலை ஆறு மணிக்குத் திறக்கிறார். திங்கட்கிழமை லீவு. மீன் சாப்பாடு இருபத்து நான்கு ரிங்கிட், கோழி இருபத்திரண்டு, பிளம் சோடா ஒன்பது, தேநீர் சும்மா. எங்கள் போத்தலுக்கு மட்டும் காசு வாங்க மறுத்துவிட்டார். ஆள் மாறும் நேரத்தில் அந்தச் சாலையில் போகாதீர்கள், நான்கரைக்கே கிளம்பி, கடை திறக்கிறவரை காத்திருங்கள். வாடகைக் கார் போகும்போது கிடைக்கும், திரும்பும்போது சிரமம். ஜப்பான் கறி என்று ஒன்று உண்டு, அதில் மாடு இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். குச்சியால் சாப்பிட வராவிட்டால் கரண்டி கேளுங்கள். கேட்பதற்கு முன்னாலேயே அவர் வைத்துவிடுவார். பார் என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அன்று அங்கே குடித்த ஆண்கள் நான்கு பேர், எங்களைவிட அமைதியாக இருந்தார்கள்.

திவசம் நல்லபடியாக முடிந்தது. இலையில் எல்லாம் வைத்தேன், சோற்றை மட்டும் வழக்கத்தைவிடக் கூட வைத்தேன். படிக்கிற அக்கா தங்கைகளுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பந்தியில் யாரோ சொன்ன ஒரு வார்த்தை உங்களைத் தூங்கவிடவில்லை என்றால், ஒரு வருஷம் காத்திருக்காதீர்கள். காடி ஓட்டத் தெரிந்த நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு நேராக அந்த இடத்துக்கே போய்விடுங்கள். பசியோடு போங்கள்.