மருந்துக்குப் பின் முளைத்த முடி

ராஜபாளையத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் எனக்குப் பெரிய பக்தை என்று பெயர். அந்தப் பெயரை நான் சம்பாதிக்கவில்லை. என் நாத்தனார் வாங்கிக் கொடுத்தது. இன்றைக்கும் யாராவது அப்படிச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. மதுரையில் ஒரு பக்கத்தை எடுத்தார்கள். அதற்குப் பிறகு மாதாமாதம் மருந்து ஏற்றினார்கள். முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்ததும், மிச்சத்தையும் வழித்துவிடுங்கள் என்று நானே சொன்னேன். உயிர் நின்றால் போதும் என்றிருந்த நேரம், முடி என்ன பெரிய முடி.

என் கணவரின் அக்கா பக்கத்துத் தெரு. மொட்டைத் தலையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"வயசுக்கு வந்த பிள்ளைய வீட்டுல வச்சுக்கிட்டு இத வெளிய சொல்ல முடியுமா? ஆத்தாளுக்கு வந்தது மகளுக்கும் வரும்னுதான் பேசுவாக. பொறவு எவன் பொண்ணெடுப்பான்?"

அன்றைக்கே சந்தனத்தைக் குழைத்து என் தலையில் அப்பினார். மருந்தின் சூட்டில் தோல் ஏற்கெனவே வெந்து கிடந்தது. எரிச்சலில் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், அவர் குழாயடிக்குப் போய் முழங்கினார்.

"எங்க தம்பி பொண்டாட்டி இருக்கன்குடி கோயில்ல ஆத்தாளுக்கு முடி குடுத்திருக்கா. மகளுக்கு நல்ல எடம் அமையணும்னு வேண்டுதல். அமைஞ்சிருச்சுன்னா இன்னொருக்காவும் குடுப்பா."

அந்தக் கடைசி வரி எதற்கு? முடி கொடுத்ததைச் சொல்லிவிட்டு வரவேண்டியதுதானே. நாக்கு நிற்காது அவருக்கு. மாதங்கள் போயும் முடி முளைக்கவில்லையே என்று தெருவில் கேட்டபோது, ஆத்தா உத்தரவு தரும் வரை வளர்க்கக் கூடாதாம் என்று அதற்கும் ஒன்று கட்டிவிட்டார்.

மருந்து முடிந்த பிறகும் சில மாதங்களுக்கு ஒருமுறை மதுரைக்குப் போய்க் காட்ட வேண்டும். திரும்பும்போது என் கணவர் என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் இறக்கி, பால்கோவா வாங்கி, அடுத்த பஸ்ஸில் கூட்டிவருவார். ஆண்டாளைச் சேவித்துவிட்டு வருகிறோம் என்று காட்டுவதற்கு. ஊசி குத்திய கையோடு வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பேன். தெருவில் இலையைப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளிக் கொடுப்போம். "எம்புட்டு பக்தி பாரேன் இவளுக்கு" என்பார்கள். எனக்கு அந்த வாசனையே குமட்டும்.

எடுத்த பக்கத்துக் கை வீங்கிக்கொண்டே இருந்தது. அந்தக் கையில் குடம் தூக்காதே, தினமும் விரல்களைச் சுவரில் ஏற்றி ஏற்றிப் பழகு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு சுவரில் விரலை ஏற்றுவேன். தண்ணீர் தூக்க மகளை அனுப்பினால் சோம்பேறி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அப்புறம் முடி முளைத்தது. முன்பெல்லாம் எனக்கு நேரான, மெலிந்த முடி. எண்ணெய் வைத்தால் மண்டையோடு ஒட்டிக்கொள்ளும். இப்போது வந்ததோ கருகருவென்று சுருட்டை! மருந்துக்குப் பிறகு சிலருக்கு அப்படி வரும் என்று டாக்டரம்மா சிரித்தார். நான் வெட்கமில்லாமல் கண்ணாடி முன்னால் நின்றேன். விரலால் சுருளை இழுத்து விடுவேன், திரும்ப ஓடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அத்தனை மாதமாக இந்த உடம்பு என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டே இருந்தது. திருப்பிக் கொடுத்தது இது ஒன்றைத்தான். அதன்மேல் எனக்கு அவ்வளவு ஆசை. கொண்டை போடும் அளவுக்கு வளர்ந்ததும் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டேன். தெருவில் அதற்கும் காரணம் வைத்திருந்தார்கள், ஆத்தா கொடுத்த சுருட்டையாம்.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. ஜவுளிக் கடைக்காரர்கள், நல்ல இடம். நிச்சயம் முடிந்து எழுந்திருக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க வேண்டுதல்தான் சம்பந்தியம்மா கூட்டி வச்சிருக்கு. எல்லாம் கேள்விப்பட்டோம். கல்யாணத்துக்கு முன்னால அந்தக் கடனத் தீத்துருங்க. நாங்களும் வாரோம், சேந்து பொங்கல் வைப்போம்."

வீடு வந்து சேரும்வரை பொறுத்துக்கொண்டு, வாசல் தாண்டியதும் என் கணவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எந்த வேண்டுதல்ங்க? நான் எப்ப வேண்டுனேன்?"

"ஆத்தா பேரச் சொல்லியாச்சுல்ல. செய்யாட்டா குத்தமாயிரும்" என்றார். பொய்க்குச் சொன்ன வார்த்தைக்கு அவர் நிஜமாகவே பயந்து போயிருந்தார்.

"சொன்னது உங்க அக்கா. அவிய முடிய எறக்கச் சொல்லுங்க!"

அவர் சாப்பிடாமல் வெளியே போய்விட்டார். நான் மகளிடம் போனேன். அவள் ஒருத்தியாவது என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன். மருந்து ஏற்றிவிட்டு வாந்தி எடுத்தபோதெல்லாம் தலையைப் பிடித்தவள் அவள்.

"முடிதானம்மா" என்றாள். "திரும்ப வளரும்ல. மாட்டேன்னு சொன்னா ஏன்னு கேப்பாக. என்னன்னு சொல்லுவ?"

அவள்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. அவள் சொன்னதில் தப்பில்லை என்று தெரியும். தெரிந்தும் ஆறவில்லை.

இருக்கன்குடியில் இரண்டு வீட்டுக்காரர்களும் சுற்றி நின்றார்கள். முடி இறக்குகிறவர் தண்ணீரைத் தெளித்துப் பிசைந்துவிட்டு, "நல்ல முடிம்மா" என்றார். சுருள் சுருளாக மடியில் விழுந்தது. என் நாத்தனார் குலவை போட்டார். சம்பந்தியம்மா கண்ணில் நீரோடு கும்பிட்டார், பாவம், அந்த அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. மகள் பொங்கல் பானைப் பக்கம் போய் நின்றுகொண்டாள். மொட்டைத் தலையோடுதான் கல்யாணத்தில் வந்தவர்களை வரவேற்றேன்.

கல்யாணம் முடிந்த கையோடு மதுரைக்குப் போக வேண்டிய முறை வந்தது. டாக்டரம்மா என் தலையைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"யாரு உங்களுக்கு மறுபடியும் மருந்து ஏத்தினது? எங்க திரும்ப வந்திருக்கு? எங்கிட்ட ஏன் வரல?" கேட்டுக்கொண்டே என் கழுத்தையும் அக்குளையும் அழுத்திப் பார்த்தார்.

"அதெல்லாம் இல்ல டாக்டர், நேர்த்திக்கடன்" என்றார் என் கணவர்.

டாக்டரம்மா நம்பவில்லை. அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்களா வேண்டிக்கிட்டீங்க?"

இந்தக் கேள்வியை அதுவரை ஒருத்தரும் என்னிடம் கேட்கவில்லை.

"இல்ல டாக்டர். எனக்கு அந்த முடி வேணும்" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. வாய்விட்டு அழுதேன். மார்பை எடுத்தபோதுகூட அப்படி அழுததில்லை. என் கணவர் எழுந்தார். என் பக்கத்தில் வந்து உட்காரப்போகிறார் என்று நினைத்தேன். அவர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மெதுவா" என்றார். "வெளிய நம்ம ஊர்க்காரர் உக்காந்திருக்காரு."